மூன்று படங்களில் ஒரு புள்ளி

ஷெர்லின் தன் பெயரை மட்டும் எழுதி அனுப்பிவிட்டாள் என்பது, காலை வழிபாட்டில் எல்லாரும் கைதட்டியபோதுதான் சிவசக்திக்குத் தெரிந்தது.

"நம் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவி ஷெர்லின், விண்வெளியில் புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டிருக்கலாம் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது" என்றார் தலைமையாசிரியர்.

சிவசக்தியும் கைதட்டினாள். இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான் காதில் விழுந்தது என்னவென்று புரிந்தது. கைகள் அப்படியே நின்றன.

அந்தச் சிறுகோளை முதலில் பார்த்தவள் சிவசக்திதான்.

ஏற்காட்டில் இருந்த அந்தப் பள்ளி, சிறுகோள் தேடும் திட்டம் ஒன்றில் சேர்ந்திருந்தது. எங்கோ தூரதேசத்துப் பெரிய தொலைநோக்கி எடுத்த படங்கள் பள்ளிக் கணினிக்கு வரும். வானத்தின் ஒரே இடம், சில நிமிட இடைவெளியில் நான்கு படங்கள். அவற்றை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். நட்சத்திரங்கள் அசையாது. எந்தப் புள்ளி நகர்கிறதோ அதுதான் சிறுகோள்.

"செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் லட்சக்கணக்கில் சுற்றுகின்றன" என்று அறிவியல் ஆசிரியை ஆரோக்கியசெல்வி மிஸ் சொல்லியிருந்தார். "அதில் வெளிப்பக்கம் இருப்பவற்றில் பெரும்பாலானவை கரி மாதிரிக் கறுப்பு. நூறு பங்கு வெளிச்சம் விழுந்தால் நாலைந்து பங்குதான் திருப்பி அனுப்பும். கண்டுபிடிப்பது கஷ்டம்."

ஒரு கணினிக்கு இரண்டு பேர். சிவசக்தியும் ஷெர்லினும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மணி அடிக்கப்போகும் நேரத்தில் சிவசக்தி திரையைத் தொட்டாள்.

"ஷெர்லின், இது நகருதுடி."

"தூசிடி அது" என்று ஷெர்லின் கைக்குட்டையால் திரையைத் துடைத்தாள். கைக்குட்டைதான் அழுக்கானது. புள்ளி அங்கேயே இருந்தது.

மணி அடித்தது. சிவசக்தியின் ஊரான செம்மநத்தம் போகும் பஸ் நாலரைக்கு. திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து அனுப்பலாம் என்று பேசிக்கொண்டு சிவசக்தி ஓடினாள்.

ஞாயிறன்று பெய்த மழையில் சாலையில் மரம் விழுந்தது. மூன்று நாள் பஸ் இல்லை. அவள் பள்ளிக்கு வந்த வியாழக்கிழமைதான் அந்தக் கைதட்டல்.

இடைவேளையில் ஷெர்லினைப் பிடித்தாள்.

"ஏன் என் பேரைப் போடலை?"

ஷெர்லின் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தாள், மூடினாள். "நீ வரலை. எல்லாம் அளந்து, டைப் அடிச்சு, அனுப்புனது நான்தானே."

"பார்த்தது நான்."

"நானும்தான் பார்த்தேன்."

சிவசக்தி ஆசிரியர் அறைக்குப் போய் மிஸ்ஸிடம் சொன்னாள். மிஸ் ஷெர்லினைக் கூப்பிட்டுக் கேட்டார். ஷெர்லின் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் கண்டுபிடிச்சேன் மிஸ்" என்றாள்.

மிஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே கணினியில் உட்கார்ந்தால் இப்படித்தான் குழப்பம் வரும். பொறாமை வேண்டாம் சிவசக்தி. அடுத்த முறை நீயும் கண்டுபிடிப்பாய்" என்றார்.

பொறாமை என்ற சொல் அன்று முழுக்கக் கூடவே வந்தது. வீட்டில் சோறு இறங்கவில்லை. அம்மா மேனகா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விடு கண்ணு. எங்கயோ வானத்துல கெடக்கற கல்லு. அதுவா நம்மளுக்குச் சோறு போடப்போவுது?" என்றாள்.

சிவசக்திக்கு அம்மா மேலும் கோபம் வந்தது.

பத்து நாள் கழித்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. மிஸ் அதை வகுப்பில் விளக்கினார். ஒருமுறை பார்த்தது போதாது. புதிய படங்கள் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றிலும் அதே சிறுகோளைக் காட்ட வேண்டும். அப்போதுதான் அது போகும் பாதையைக் கணக்கிட முடியும். வியாழன் மாலை ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் அது தொலைந்த கணக்குத்தான்.

ஷெர்லின் புதன்கிழமை முழுக்கத் தேடினாள். கிடைக்கவில்லை. வியாழக்கிழமை மதியமும் சாப்பிடாமல் தேடினாள்.

சிவசக்திக்குச் சந்தோஷமாக இருந்தது. நன்றாகவே இருந்தது. கணினி அறை ஜன்னல் பக்கமாகத் தேவையில்லாமல் மூன்று தடவை நடந்தாள்.

மாலை நாலரைக்குப் பஸ் வந்தது. கண்டக்டர் காளியண்ணன், "ஏறு சாமி, மழை வருது" என்றார்.

சிவசக்தி ஒரு காலைப் படியில் வைத்தாள். ஐந்து மணிக்கு ஷெர்லின் தோற்றுப்போவாள். அது சரிதான். ஆனால் அந்தப் புள்ளி? அதை இந்த உலகத்தில் முதலில் பார்த்தது தான் ஒருத்திதான். இப்போது விட்டால் மறுபடி யார் கண்ணில் படும்?

"நீங்க போங்கண்ணா" என்று காலை எடுத்தாள்.

"அடுத்த பஸ் இல்லை கண்ணு."

"தெரியுமுங்க."

கணினி அறையில் ஷெர்லின் தனியாக இருந்தாள். கண் சிவந்திருந்தது.

"தள்ளு" என்றாள் சிவசக்தி.

ஷெர்லின் நகர்ந்தாள்.

சிவசக்தி படங்களை மெதுவாக ஓடவிட்டாள். காப்பிக் கொட்டையில் கறுப்புக் கொட்டை பொறுக்க அம்மாவோடு உட்காரும்போது, ஒவ்வொன்றாகப் பார்த்தால் வேலைக்கு ஆகாது. முறம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும். வேறு மாதிரி இருப்பது தானாகவே தெரியும். அப்படித்தான் திரையைப் பார்த்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

"இதோ."

"அதை நான் நேத்தே பார்த்தேன்" என்றாள் ஷெர்லின். "மூணு படத்துலதான் இருக்கு. ரெண்டாவதுல இல்லை. அது வெறும் கறைன்னு விட்டுட்டேன்."

சிவசக்தி பையிலிருந்து ஸ்கேலை எடுத்துத் திரைமேல் வைத்தாள். "ஒண்ணுக்கும் மூணுக்கும் நடுவுல நாலு மில்லிமீட்டர். மூணுக்கும் நாலுக்கும் ரெண்டு. அப்ப ரெண்டாவது படத்துல எங்க இருக்கணும்?"

ஷெர்லின் விரலை வைத்தாள். அங்கே ஒரு பெரிய நட்சத்திரம் இருந்தது.

"அதோட வெளிச்சத்துல மாட்டிக்கிச்சு. அதான் தெரியலை" என்றாள் சிவசக்தி.

ஷெர்லின் புள்ளி இருந்த இடங்களை அறிக்கையில் பதியத் தொடங்கினாள்.

"ஏன் வந்து காட்டுன?" என்று ஷெர்லின் மெதுவாகக் கேட்டாள்.

"உனக்காக இல்லை."

அப்போது மிஸ் உள்ளே வந்தார். "கிடைத்ததா?"

"சிவசக்தி கண்டுபிடிச்சா மிஸ்" என்றாள் ஷெர்லின்.

"இப்போதா?"

ஷெர்லின் எழுந்து நின்றாள். "அப்பவும்தான் மிஸ்."

மிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புதிய அறிக்கையில் இரண்டு பெயர்களையும் தட்டச்சு செய்து அனுப்பினார். ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது.

பிறகு சிவசக்தியைத் தன் ஸ்கூட்டரில் செம்மநத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். தூறலும் பனிமூட்டமுமாக இருந்தது. 

"அன்னைக்கு நீ சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும் கண்ணு" என்றார் மிஸ்.

இல்லைங்க மிஸ், பரவாயில்லை என்று சொல்லலாமா என்று சிவசக்தி யோசித்தாள்.

"ஆமாங்க மிஸ்" என்றாள்.

மிஸ் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

முதல் அறிக்கையில் பெயரைத் திருத்தும்படி மிஸ் எழுதினார். முதலில் பதிவான பெயரை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. இரண்டு மாதத்தில் அந்தச் சிறுகோளுக்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு தற்காலிக அடையாளம் கொடுத்தார்கள். கறுப்பு வகையாக இருக்கலாம், சூரியனை ஒருமுறை சுற்ற ஐந்தரை வருடம் ஆகும் என்று எழுதியிருந்தது. சான்றிதழில் ஷெர்லின் பெயர் மட்டும். உண்மையில் நடந்ததை மிஸ் வகுப்பில் எழுந்து நின்று சொன்னார். அன்றுதான் அரையாண்டுத் தேர்வு அட்டவணையும் வந்திருந்ததால், பாதிப் பேர் காதில் அது விழவில்லை.

ஷெர்லின் சான்றிதழை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. ஒருநாள் படிக்கட்டில் நின்று, "இனிமேல் என்கூடப் பேசுவியா?" என்று கேட்டாள்.

"தெரியலை" என்றாள் சிவசக்தி. உண்மையாகவே தெரியவில்லை.

ஜனவரியில் அடுத்த தொகுதிப் படங்கள் வந்தன. இந்த முறை தனியாக ஒரு கணினி வேண்டும் என்று சிவசக்தி கேட்டாள். மிஸ் உடனே கொடுத்தார்.

சிவசக்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அறிக்கைப் படிவத்தில் முதலில் தன் பெயரைத் தட்டச்சு செய்தாள். அதற்குப் பிறகுதான் படத்தைத் திறந்தாள்.