படத்தின் அடியில் கறுப்புப் பட்டை

யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் மாதுரியின் கடை. பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பென்டிரைவில் போட்டுக் கொடுப்பாள். மழை விடாத ஒரு பகலில் ஆறுச்சாமி மரப்படி ஏறி வந்தார். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைக்குள் பொத்தி வைத்திருந்த கேசட்டை எடுத்து நீட்டி, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

“என் தம்பி கல்யாணம், மோளே. செத்துப்போன என் பொண்டாட்டி மீனாக்ஷி இதில மட்டும்தான் இருக்கா. ஒரு போட்டோகூட இல்ல. அவ முகத்தை ஒருக்கா காணணும்.”

கேசட்டைப் போட்டதும் படம் தலைப்பக்கம் கோணிக்கொண்டு ஆடியது. மாதுரி வி.சி.ஆர். மெஷினின் ஹெட்டைத் துடைத்தாள், ட்ராக்கிங்கைத் திருகினாள், வயரை மாற்றினாள். மேல்பக்கம் நேரானது. அடிப்பக்கம் மட்டும் கோடு கோடாகக் கிழிந்து துள்ளியது, எதற்கும் மசியவில்லை. எல்லாக் கேசட்டிலும் அடியில் கொஞ்சம் கிழிசல் இருக்கும். பழைய டிவி அதை மறைத்துவிடும், கம்ப்யூட்டர் காட்டிக் கொடுத்துவிடும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: கிழிசலின் மேல் ஒரு கறுப்புப் பட்டை. கிழிசல் அதிகமாக இருந்ததால் பட்டையை அகலமாக இழுத்துவிட்டாள். இழுக்கும்போது கோடுகளுக்குள் குனிந்த தலை ஒன்று அசைந்தது.

பார்த்தாள். பார்த்தும், பதிவைத் தட்டிவிட்டுச் சாயா குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது பதிவு முடிந்திருந்தது. பூஞ்சை பிடித்த நாடா மெஷினுக்குள் கசங்கி, அறுந்து கிடந்தது. இனி அதை ஓட்ட முடியாது.

பென்டிரைவை வாங்கிப்போன ஆறுச்சாமி மறுநாளே வந்துவிட்டார்.

“மீனாக்ஷியைக் காணோமே, மோளே? பந்திக்கு முன்னால தரையில இருந்து தேங்கா துருவிட்டிருந்தா. வீடியோக்காரன் அவ தலைக்கு மேலகூடித்தான் எடுத்தான், படத்துக்கு அடியில அவ தெரியணுமே.”

அவளை மறைத்தது நான்தான் என்று சொல்ல மாதுரிக்கு வாய் வரவில்லை.

“டேப்பிலயே அவங்க இல்ல மாமா.”

“அப்போ எனக்குத்தான் ஓர்மை தெத்திப்போச்சு,” என்று தன் நெற்றியைத் தட்டிக்கொண்டு கிழவர் படியிறங்கினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு போனதுதான் அவளைக் கூனிக் குறுக வைத்தது.

தன்னிடமிருந்த பிரதியைத் திறந்தாள். ஏதாவது மிச்சம் இருக்காதா என்ற நப்பாசை.

பட்டை மேலே ஏறியிருந்தது.

நேற்று பந்தி இலைக்குக் கீழே நின்ற கறுப்பு, இன்று சாப்பிடுகிறவர்களின் மார்புவரை வந்திருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தாள். கழுத்துவரை.

ஸ்பீக்கரை அணைத்து வைத்திருந்தாள். ஆனாலும் ஒரு சத்தம் கேட்டது.

சரக். சரக்.

சுக்கு வாடையை மீறிக்கொண்டு பச்சைத் தேங்காய் மணம் அறையில் பரவியது.

போன் அடித்தது. ஆறுச்சாமி. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“மோளே, வீட்டுக்கு ஒண்ணு வா. அவ வந்தாச்சு.”

ஆட்டோ பிடித்துப் பள்ளுருத்தியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனாள். மழையில் தெருவே இருண்டிருந்தது. வீட்டில் விளக்குப் போடாமல், கிழவர் டிவிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது. திரை முழுக்கக் கறுப்பு. அதைப் பார்த்து அவர் கண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

“மத்தவங்களை எல்லாம் மறைச்சு, அவளை மட்டும் வச்சுத் தந்திருக்கியே. எவ்வளவு தெளிவா இருக்கா! நான் உன்னைச் சம்சயிச்சுட்டேன், மோளே. பொறுத்துக்கோ.”

அவர் கைகூப்பினார். மாதுரிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

“மாமா, நான் பொய் சொன்னேன். அவங்களை மறைச்சது நான்தான்…”

“மெல்லப் பேசு. அவ கேக்குறா.”

கறுத்த திரைக் கண்ணாடியில் நாற்காலியும் கிழவரும் தெரிந்தார்கள். பின்னால் நிற்கும் மாதுரியும் தெரிந்தாள்.

அவள் காலடியில், தரையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி.

சரக். சரக்.

சத்தம் நின்றது. குனிந்திருந்த தலை மெதுவாக நிமிர்ந்தது. அதன் பார்வை கிழவரின் பக்கம் போகவில்லை.

“மோளே,” ஆறுச்சாமி திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கிசுகிசுத்தார். “அவ என்னமோ கேக்குறாளே… ‘நான் டேப்பிலயே இல்லைன்னு சொன்னது இந்தப் பொண்ணா?’ன்னு கேக்குறா.”

மாதுரியால் குனிந்து பார்க்க முடியவில்லை.

தேங்காய்ப்பால் பிசுபிசுக்கும் ஒரு கை அவள் கணுக்காலைப் பிடித்திருந்தது.