லேஞ்சி கிடந்த கதிரைகள்

பத்மாசினியின் முதுகில் அன்று காலையும் தடிப்பு விழுந்திருந்தது. தோளுக்குக் கீழே ஒரு வரி, நடு முதுகில் ஒரு வரி, இடுப்புக்கு மேலே இன்னொரு வரி. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டது போல மூன்றும் நேராக இருந்தன. சின்னச் சின்னச் சிவந்த கடிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன, சிலதின் நுனியில் நீர் கோத்திருந்தது. கமலாவதி மகளின் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி பார்த்தாள். பெற்ற பிள்ளையின் முதுகுதான். ஆனாலும் அருவருத்தது. அப்படி அருவருக்கிறதே என்று தன்மேலேயே ஆத்திரமும் வந்தது.

"கனக்கவோ அம்மா?"

"பேசாமல் நில்."

வருடக் கணக்காக நடக்கிற கூத்து இது. நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரி கிரந்தி என்றார், எண்ணெய் தந்தார். டாக்குத்தர் இரத்தச் சூடு என்றார், குளிசை தந்தார். போன முறை பெண் பார்க்க வந்த ஒரு மனுசி மட்டும் பத்மாசினியின் பிடரியைக் குனிந்து பார்த்து, "மூட்டை கடிச்ச மாதிரியெல்லோ கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனாள். அந்தச் சம்பந்தம் அத்தோடு முறிந்தது. மூட்டையாம் மூட்டை! பாய் தலகணி எல்லாம் கொதிதண்ணீரில் அவித்து வெயிலில் போடுகிற வீடு இது. உரும்பிராய் முழுக்கத் தேடினாலும் கமலாவதியின் வீட்டைப் போலச் சுத்தமான வீடு கிடைக்காது. ஒரு மூட்டைப்பூச்சியைக் காட்டட்டும் பார்ப்போம்!

இப்போது இணுவிலில் நல்ல இடம் பொருந்தியிருந்தது. தாலிக்குப் பொன்னுருக்கியாயிற்று, இனிக் கலியாணம் வரைக்கும் பத்மாசினி வாசல் படலை தாண்டக் கூடாது. மணவறையில் கூறைச்சேலை வாங்கியதும் அதை உடுத்திவிட மாப்பிள்ளையின் தமக்கை குணலட்சுமிதான் தோழியாக அறைக்குள் வருவாள். கதவைச் சாத்திக்கொண்டு, வெளிச்சத்தில், வெறும் முதுகைப் பார்ப்பாள். குணலட்சுமியின் கண் லேசுப்பட்ட கண் அல்ல. சம்பந்தம் பேச வந்த அன்றே இவர்கள் குசினியில், அடுப்பு மூலையில் ஒட்டடை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தவள்.

கமலாவதி வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து மகளின் முதுகு முழுக்க அப்பினாள். அந்தக் கசப்பு நாற்றம் வீடெல்லாம் பரவியது. "துடைச்சுப் போடாதை பிள்ளை, பின்னேரம் வந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு, வாசலில் கோண் அடித்துக்கொண்டு நின்ற அண்ணன் தியாகலிங்கத்தின் காரில் ஏறினாள்.

கலியாணம் வீட்டில் அல்ல, மண்டபத்தில். அது அண்ணனின் பிடிவாதம். பருத்தித்துறை றோட்டோரம் பூட்டிக் கிடந்த பழைய 'பிரபாவதி' படமாளிகையைக் குத்தகைக்கு எடுத்து, கலியாண மண்டபம் என்று போர்டு எழுதி மாட்டியிருந்தார். முதல் கலியாணம் மருமகளுடையது.

"உந்தத் தியேட்டரிலையோ, அண்ணை? ஒரே அழுக்கு, அரியண்டம்."

"உனக்கு எல்லாம் அரியண்டம்தான். வந்து பார் தங்கச்சி, பார்த்திட்டுக் கதை."

கமலாவதிக்கு அந்தக் கட்டிடம் புதிதல்ல. அவள் சின்னவளாக இருந்தபோது அது புகையிலை அடுக்கி வைக்கிற கிட்டங்கி. பக்கத்தால் போனாலே தும்மல் வரும். ஐம்பத்தாறில் அதைத் தியேட்டர் ஆக்கினார்கள். பிறகு ஒருநாள் அது பூட்டப்பட்டது. முன்பக்கத்துக் கலரியின் நீளப் பலகை வாங்குகளைக் கழற்றிவிட்டு யாரோ வெங்காயம் கட்டி வைத்தார்கள். மாரியில் கூரை ஒழுகி அவ்வளவும் அழுகிற்று. ஆனால் பல்கனிக்குக் கீழே, பின்பாதியில் சாய்ந்து உட்காருகிற கதிரைகளை எவரும் தொடவில்லை. நல்ல தேக்கு என்று அண்ணன் அவற்றை அப்படியே வைத்திருந்தார்.

நல்ல மத்தியானம்தான். ஆனால் கதவைத் தள்ளி உள்ளே போனதும் வெளிச்சம் செத்துப் போனது. தியேட்டருக்கு யன்னல் ஏது? புதுச் சுண்ணாம்பின் வாசத்துக்குக் கீழே அழுகிய வெங்காயம், அதற்குக் கீழே புகையிலைக் காறல், அதற்கும் கீழே பல வருடத்து மனிதர்கள் துப்பிய வெற்றிலையும் வேர்வையும் மூத்திரமும். சுவரின் அடிப்பக்கம் முழுக்க வெற்றிலைத் துப்பல் மேலே பூசிய வெள்ளையை மீறிச் செம்மண் நிறத்தில் ஊறி வந்திருந்தது. கமலாவதி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். காலுக்குக் கீழே நிலம் பிசுபிசுத்து, ஒவ்வொரு அடிக்கும் செருப்பைப் பிடித்து இழுத்தது. இங்கேயா என்ரை பிள்ளைக்குத் தாலி ஏறப் போகிறது என்று நினைத்தாள்.

திரை இருந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் மணவறை வைக்க மேடை கட்டியிருந்தார்கள். அண்ணன் அதைக் காட்டிப் பெருமையடித்துவிட்டு, பல்ப் கட்டுகிறவர்களைப் பார்க்க வெளியே போனார். கமலாவதி ஒரு கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரலுக்குக் கீழே ஏதோ நகர்ந்தது.

மூட்டைப்பூச்சி. திடுக்கிட்டுப் பெருவிரலால் நசுக்கினாள். பொட்டென்று வெடித்தது. நகத்தின் மேல் இரத்தம், புது இரத்தம், இன்னும் சூடு ஆறாதது. அழுகிய கொத்தமல்லியின் நாற்றம் மூக்கில் ஏறியது. நகத்தைக் கதிரைக் கையில் தேய்த்தாள்.

தேய்த்து முடிந்ததும்தான் அந்த யோசனை வந்தது. பூட்டிக் கிடந்த கட்டிடம். மூட்டையென்றால் பட்டினியில் காய்ந்து, வெங்காயத் தோல் மாதிரி வெளிறிக் கிடக்கவேண்டும். இது கொழுத்திருந்தது. இது யாருடைய இரத்தத்தைக் குடித்தது?

"சிமியோன்!"

பழைய நாளில் வாசலில் நின்று ரிக்கற் கிழித்த சிமியோன்தான் இப்போதும் காவல். அவன் கதவுப் பக்கமே நின்றான், உள்ளே வரவில்லை.

"இஞ்சை ஆர் வந்து படுக்கிறது?"

"ஒருத்தரும் வாறேல்லை, அம்மா. திறப்பு என்னட்டைத்தான்."

"அப்ப உதென்ன, கதிரையெல்லாம் ஊத்தைத் துணி?"

அப்போதுதான் அவளுக்கே சரியாகத் தெரிந்தது. நடு வரிசைகளில் கதிரைக்குக் கதிரை ஒரு லேஞ்சி கிடந்தது. சாம்பல் பூத்து, ஓரம் மடிந்து, ரெக்சினோடு ஒட்டிப்போன, முகம் துடைக்கிற கைலேஞ்சிகள்.

"அது கடைசி நாள் போட்டது, அம்மா. பாதிப் படத்திலை மிசின் நிண்டிட்டுது. திருத்திப்போட்டுப் பின்னேரம் ஓட்டுவம், இதே ரிக்கற்றோடை வாங்கோ எண்டு முதலாளி சொன்னவர். சனம் லேஞ்சியைப் போட்டு இடம் பிடிச்சிட்டு வெளியிலை போச்சுது. அண்டைக்குப் பின்னேரமே முதலாளி நெஞ்சு நோவெண்டு விழுந்திட்டார். பிறகு திறக்கேல்லை."

"அப்ப நீ எடுத்து எறியிறதுதானே?"

"போட்டவை எடுக்கேல்லையே. மற்றவையின்ரை இடத்தை நான் என்னெண்டு குழப்புறது?"

விசரன் என்று நினைத்தாள். ஆனால் அது சிமியோனின் விசர் மட்டும் அல்ல. பஸ்ஸில் யன்னலுக்குள்ளால் லேஞ்சியை எறிந்துவிட்டால் அந்த இடம் எறிந்தவனுக்குத்தான். தியேட்டரிலும் அதே சட்டம். லேஞ்சி கிடந்தால் ஆள் இருக்கிற மாதிரி. சண்டியர்கூட அதில் குந்தமாட்டார்கள். போட்டவரின் வீட்டாள் ஒருவர் வந்து, இதை எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டால்தான் இடம் மாறும்.

கடைசி நாள். பாதிப் படம். கமலாவதி விரலை மடித்து வருடம் எண்ணினாள். பத்மாசினி அன்றைக்குச் சின்னப் பிள்ளையாய்ப் பெரியம்மாவின் பிள்ளைகளோடு இங்கே படம் பார்க்க வந்தவள். "லேஞ்சியைப் போட்டிட்டு வந்தனான் அம்மா, பின்னேரம் திரும்பப் போறம்" என்று துள்ளிக்கொண்டு நின்றவள். போக முடியாமற் போனதும் நல்ல லேஞ்சியைத் துலைத்துவிட்டாள் என்று பேச்சு வாங்கினவள். அந்த வருடம்தான் தடிப்புத் தொடங்கியது.

அவள் வரிசைக்குள் இறங்கினாள். முழங்கால் ஒவ்வொரு கதிரையாக உரசியது. கொத்தமல்லி நாற்றம் தடித்துக்கொண்டே வந்தது, வாயைத் திறந்தால் நாக்கில் படும்போல. ஒரு கதிரைக்கு முன்னால் அந்த நாற்றத்தை வெட்டிக்கொண்டு இன்னொரு வாசம் வந்தது.

வேப்பெண்ணெய். மஞ்சள்.

குனிந்தாள். சாம்பல் துணியின் மூலையில் பச்சை நூலில் ஒரு இலை. அவளே தைத்துக் கொடுத்த இலை. கதிரையின் முதுகில் குறுக்கே மூன்று சட்டங்கள். தோளுயரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, இடுப்பளவில் ஒன்று. மூன்றிலும் மஞ்சள் எண்ணெய் ஈரமாகப் பளபளத்தது. சட்டத்தின் இடுக்குகளில் மூட்டைப்பூச்சிகள் இடைவெளியில்லாமல் அடுக்கி நின்றன. ஊதிப்போய். கறுத்துச் சிவந்து. ஓடக்கூட மாட்டாமல்.

இருக்கையில் கை வைத்தாள்.

சூடு.

ஆள் இப்போதுதான் எழும்பிப் போன சூடு அல்ல. ஆள் இருக்கிற சூடு. மெத்தை கீழே பதிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் அசைந்து, திரும்பவும் பதிந்தது.

"ஐயோ, என்ரை பிள்ளை!"

கத்தினாளா, நினைத்தாளா, தெரியாது. பச்சை இலை லேஞ்சியைப் பிடித்து இழுத்தாள். ஒட்டிக்கிடந்த துணி சொறி உரிகிற மாதிரி உரிந்து வந்தது. இடுப்பில் செருகியிருந்த தன் லேஞ்சியை எடுத்து விரித்துப் போட்டாள். போட்டது போதுமா? போதாது. இடம் மாறவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

பக்கத்துக் கதிரைகள் மெல்லக் கிறீச்சிட்டன. இடம் விடுகிற மாதிரி.

முதுகில் முதல் கடி. பிறகு ஒன்று. பிறகு எண்ணிக்கை இல்லை. ஈரமான சின்னக் கால்கள் சட்டைக்குள். பிடரியில். காதுக்குள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். எழும்பவில்லை.

"தங்கச்சி, உதிலை என்ன செய்யிறாய்?" வாசலில் அண்ணனின் குரல்.

எழும்பினாள். சேலையை உதறினாள். ஒன்றும் விழவில்லை. "இந்த வரிசையை ஒருத்தரும் தொடவேண்டாம் அண்ணை. வெள்ளை விரிச்சு மூடிவிடுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

கலியாணத்தன்று விடியக் குளிக்க வார்த்தபோது பத்மாசினியின் முதுகு கழுவித் துடைத்த வெண்கலம் போல இருந்தது. ஒரு வரி இல்லை. கமலாவதி அதைத் தடவித் தடவிப் பார்த்து அழுதாள். தன் முதுகு நெருப்பாக எரிந்தது. எரியட்டும். ஒருவருக்கும் சொல்லவில்லை.

மண்டபத்தில் கூறை மாற்றுகிற அறைக்குள் குணலட்சுமி கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வெளியே கமலாவதி முருகா முருகா என்று நின்றாள். கதவு திறந்தது. குணலட்சுமியின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"மாமி, பொம்பிளையின்ரை மேனியைப் பாத்தியளே, பட்டு மாதிரி!"

அப்பாடா! மேளம் முழங்கியது, தாலி ஏறியது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கமலாவதி அட்சதைத் தட்டோடு மேடையில் நின்றபடி, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நடு வரிசையைப் பார்த்தாள்.

வெள்ளை விரிப்புக்கு மேலே அவர்கள் இருந்தார்கள். வரிசை வரிசையாக. முகம் இருக்கவேண்டிய இடமெல்லாம் கபில நிறமாக ஊர்ந்துகொண்டிருந்தது. எல்லா முகமும் திரை இருந்த சுவரைப் பார்த்து, மணவறையைப் பார்த்து, இமைக்காமல். நடுவில் இருந்தவள் கமலாவதி இப்போது கட்டியிருக்கிற அதே அரக்குச் சேலையைக் கட்டியிருந்தாள். மூக்குத்தி மட்டும் பூச்சிகளுக்கு நடுவே மினுங்கியது.

"பந்தி போட்டாச்சு! எல்லாரும் வாங்கோ!" அண்ணனின் குரல்.

சனம் எழும்பியது. ஆசீர்வாதத்துக்குத் திரும்பி வரவேண்டும், நல்ல இடத்தை யார் விடுவார்கள்? ஒவ்வொருவராக இடுப்பிலிருந்தும் சட்டைப் பையிலிருந்தும் லேஞ்சியை எடுத்தார்கள். கதிரையில் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் போட்டார்கள். குணலட்சுமி போட்டாள். மண்டபம் முழுக்க வெள்ளை வெள்ளையாக.

"வேண்டாம்... போடாதையுங்கோ..."

மேளத்தில் யாருக்குக் கேட்கும்? நடு வரிசையிலிருந்து கதிரைக் கால்களால் ஏதோ இறங்கியது. நிலத்தில் கபிலக் கோடுகள். முன்னுக்கும் பின்னுக்கும், ஒவ்வொரு லேஞ்சியையும் நோக்கி.

"பிள்ளை!" என்று கமலாவதி திரும்பினாள்.

மணமக்கள் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். மணவறையில், பத்மாசினி இருந்த இடத்தில், அவளுடைய புது லேஞ்சி நான்காக மடித்துக் கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு மூட்டைப்பூச்சி ஏறிக்கொண்டிருந்தது.

லேஞ்சிக்குக் கீழே பட்டு மெத்தை மெல்ல, மெல்லப் பதிந்தது.