கழுத்தில் விழுந்த முடிச்சு

மூட்டைக்காரருக்குக் கிடங்கு மேஸ்திரி தர வேண்டிய கூலிப் பாக்கி பதினோராயிரத்து நானூற்று எழுபது ரூபாய். வியாழக்கிழமையே மொத்தமும் கொடுத்தாகிவிட்டது, கட்டைவிரல் ரேகையும் வாங்கியாகிவிட்டது என்று மேஸ்திரியின் நோட்டு சொன்னது. ஒரு காசு கூட வீட்டுக்கு வரவில்லை என்று மூட்டைக்காரரின் மனைவி சொன்னாள். வாங்கினவரைக் கேட்கலாம் என்றால், பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் வாயில் வருவது ஒரே சொல். "பணம் வாங்கினீங்களா?" என்றால் "ஆமா" என்பார். "வாங்கலையா?" என்றாலும் "ஆமா"தான்.

இதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த தையல் கடையில் வந்து விழுந்தது. மனைவி வந்தது பணத்துக்காக அல்ல. அறுந்துபோன ஸ்லிங்கைத் தைத்து வாங்கத்தான் வந்தாள். பக்கவாதத்தில் செத்துப்போன கையைத் தோளோடு தாங்கி நிறுத்தும் துணிப்பட்டைக்கு அந்தத் தெருவில் ஸ்லிங் என்றுதான் பேர். அதைத் தைக்கத் தெரிந்தவர் அந்தத் தையல்காரர் ஒருவர்தான்.

அவர் பட்டையைக் கையில் வாங்கினார். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"இது அறுந்ததில்லையே. கத்திரி வெச்சு வெட்டினது."

"வெட்டினது என் நாத்தனார். கத்திரிய பாய்க்கடியில ஒளிச்சு வெச்சிருந்தா. கேட்டா அழறா. வீட்ல பகல் பூரா அவ மட்டுந்தான் இருக்கா. நான் சலவைக்கடைக்கு விடியறதுக்கு முன்னாடி போனா, விளக்கு வெச்சாத்தான் வருவேன். பணமும் காணோம், பட்டையும் அறுந்து கெடக்கு. நான் யார நெனைக்கிறது?"

கடை ஓரத்தில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்த ஆம்புலன்ஸ் டிரைவர் காதைத் தீட்டிக்கொண்டார். அவர் குரலுக்கு ஊர் வைத்த பேர் ஹாரன். வண்டி ஓடாத நேரமெல்லாம் அவருக்கு அந்த வாளிதான். ஆள் நல்லவர், அவசரக்காரர்.

"போலீசுக்குப் போயிடலாமே!" என்றார் ஹாரன்.

"போலீஸ் எதுக்கு? இன்னைக்கு சாயங்கால பஸ்ல கெளம்புறேன்னு பைய கட்டிட்டா. போகட்டும்." அவள் கண் அந்தப் பட்டைக்குப் போனது. "போனா இந்த மனுஷன யார் பாத்துப்பா, அதுதான் தெரியல."

தையல்காரர் பட்டையில் இறுகிக் கிடந்த ஒரு முடிச்சை விரலால் தடவிக்கொண்டிருந்தார். வெட்டு விழுந்தது அந்த முடிச்சுக்குப் பக்கத்தில்.

"நான் தெச்ச பட்டையில கொக்கிதான் உண்டு. முடிச்சுக்கு வேலையே இல்ல. நடங்க, வீட்டுக்குப் போவோம். ஹாரன், நீயும் வா. வாய மட்டும் இங்க வெச்சுட்டு வா."

வீடு ஒரே அறை. சுவரோரம் கட்டில், அதில் மூட்டைக்காரர் படுத்திருந்தார். முப்பது வருஷம் மூட்டை சுமந்த உடம்பு. இடது தோள் மலை மாதிரி இருந்தது. வலது தோளில் எலும்புக்குக் கீழே விரல் நுழையும் அளவுக்குக் குழி. வலது கைக்கடியில் தலையணை. கட்டிலுக்கு மேலே சுவரில் வெறும் ஆணி. வாசல் பக்கம் கட்டி வைத்த துணிப்பையோடு அவருடைய தங்கை உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அந்த ஆணி எதுக்கு?" என்று தையல்காரர் அவளைக் கேட்டார்.

"ஸ்லிங் மாட்டத்தான். எந்திரிச்சு நிக்கிறப்ப, நடக்கிறப்ப மட்டுந்தான் போடணும், படுத்தா கழட்டிட்டு கைக்கு தலாணி வைக்கணும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. சும்மாவே போட்டு வெச்சா கை மடிஞ்சே போயிடுமாம். நான் ஒரு நாளும் தப்பினதில்ல."

"வியாழக்கெழம?"

"மத்தியானம் தண்ணிக்கு வரிசைல நின்னேன். ஒரு மணி நேரம் ஆயிடுச்சு. போறப்ப அண்ணன் தூங்கிட்டிருந்தாரு, ஸ்லிங் ஆணில. வந்து பாத்தா, படுத்த மனுஷனுக்கு ஸ்லிங் மாட்டியிருக்கு. அதுவும் கழுத்தச் சுத்தி! அண்ணன் கண்ணுல தண்ணி. முடிச்ச அவுக்கப் பாத்தேன், இழுக்க இழுக்க இறுகுது. மூச்சு முட்டிடுமோன்னு வெட்டிட்டேன். புதுப் பட்ட ஆச்சே, அண்ணி என்ன சொல்லுவாங்களோன்னு கத்திரிய ஒளிச்சேன். அதுதான் நான் செஞ்ச திருட்டு."

"கத நல்லாத்தான் இருக்கு," என்றாள் மனைவி.

ஹாரன் தையல்காரரின் காதில் குனிந்து, "தங்கச்சிதாண்ணே. பேய் வந்து ஸ்லிங் மாட்டுமா?" என்றார். அவர் ரகசியம் பேசினால் எதிர்வீட்டுக்கும் கேட்கும். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். ஹாரனுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தையல்காரர் கட்டிலருகே மண்டியிட்டார். முழங்கையைக் கீழிருந்து தாங்கி, கையை ஒரு நூல் அளவு நகர்த்தினார். மூட்டைக்காரர் பல்லைக் கடித்து முனகினார்.

"இந்த வலி எப்பலேருந்து?"

"வியாழக்கெழமலேருந்துதான்," என்றாள் தங்கை. "தொடவே விடல. அதனால அந்த உள்ளங்கையக் கூட கழுவல."

அவர் அவசரப்படவில்லை. மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக, பூ இதழைப் பிரிப்பது போலப் பிரித்தார். உள்ளங்கை ரேகைகளிலும் கட்டைவிரல் நகக்கண்ணிலும் நீல மை காய்ந்து கிடந்தது. அவர் அதை ஹாரனிடம் காட்டினார். விரல்களைப் பழையபடி மடக்கிவிட்டு எழுந்தார்.

"மேஸ்திரியக் கூட்டிட்டு வா. நாத்தனார் விஷயத்துக்கு சாட்சி சொல்லணும்னு சொல்லு, ஓடி வருவாரு. நோட்டையும் எடுத்துட்டு வரச் சொல்லு. வர்ற வழியில என் கடைல இருக்கிற பஞ்சுச் சாக்கையும் ஒரு முழக் கயித்தையும் தூக்கிட்டு வா."

"பஞ்சு எதுக்குண்ணே?"

"இவருக்கு இன்னொரு தலாணி வேணும்."

ஒரு மணி நேரத்தில் மேஸ்திரி வந்தார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் நோட்டு. கட்டிலைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். தையல்காரர் பஞ்சுச் சாக்கின் வாயைப் பிரித்து ஒரு தலையணைக்கு வேண்டியதை அள்ளி எடுத்தார். எடுத்துக்கொண்டே கேட்டார்.

"வியாழக்கெழம என்ன நடந்துச்சு, மேஸ்திரி?"

"என்ன நடக்கும்? வந்தேன். இவரு இந்த நாற்காலில உக்காந்திருந்தாரு. பதினோராயிரத்து நானூத்தி எழுபது, எண்ணி மடில வெச்சேன். கைய நீட்டினாரு, ரேகைய வெச்சாரு. போயிட்டேன். அப்புறம் இந்த வீட்டு ஆளுங்க என்ன பண்ணாங்களோ!"

"நீங்க அவரத் தொடலையா?"

"நான் ஏன் தொடறேன்?"

"எந்தக் கைய நீட்டினாரு?"

"வலது கைதான். கணக்கு நோட்டுல எடது கையால வெப்பாங்களா?"

எல்லார் கண்ணும் தலையணை மேல் கிடந்த வலது கைக்குப் போயின. மேஸ்திரிக்கு மட்டும் அது உறைக்கவில்லை. தையல்காரர் சாக்கையும் கயிற்றையும் அவர் பக்கம் தள்ளினார்.

"சரி. பஞ்சு பறக்குது. இந்த வாயக் கொஞ்சம் கட்டிக் குடுங்களேன்."

மேஸ்திரி கண்ணால் கூடப் பார்க்கவில்லை. சாக்கின் வாயைத் திருகினார், கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினார், நுனியை உள்ளே மடித்து ஒரு சுண்டு சுண்டினார். இருபது வருஷப் பழக்கம். கை தானாகச் செய்த வேலை.

தையல்காரர் சட்டைப்பையிலிருந்து வெட்டுப்பட்ட பட்டையை எடுத்து அந்தக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். துணியும் கயிறும்தான் வேறு. இரண்டு சுற்று, உள் மடிப்பு, இடது பக்கம் நீண்ட நுனி எல்லாம் ஒன்று. அவர் சாக்கின் நீண்ட நுனியை லேசாக இழுத்தார், கட்டு அவிழ்ந்தது. ஸ்லிங் நுனியை இழுத்தார், அதுவும் அவிழ்ந்தது. மற்ற நுனியை இழுத்திருந்தால் இறுகியிருக்கும்.

"கிடங்குல சாக்கு கட்டுற முடிச்சு," என்றார். "எந்த நுனின்னு தெரிஞ்சவனுக்கு ஒரு நொடி. தெரியாதவளுக்கு கத்திரிதான் கதி. இந்தத் தங்கச்சி ஆறு மாசமா கொக்கி மாட்டுறவ. முதுகு வழியா எடது தோளுக்குப் பட்ட போகணும்னு அவளுக்குத் தூக்கத்துலயும் தெரியும். கழுத்துல சுத்தினவன், ஒடிஞ்ச கைக்குக் கட்டுறதப் பாத்து வளந்தவன்."

"கிடங்குல எல்லாருக்கும் இந்த முடிச்சு தெரியும்! இவருக்கே தெரியும்!" என்று மேஸ்திரி எகிறினார்.

"தெரியும். ஆனா இத ஒத்தக் கையால போட முடியாது. வியாழக்கெழம கிடங்குலேருந்து இங்க வந்தது நீங்க. அத நீங்களே சொன்னீங்க. அப்புறம், வலது கைய நீட்டினாருன்னீங்க. அந்தக் கை நீண்டு ஆறு மாசமாச்சு, மேஸ்திரி. ரேகை குடுக்க மனசிருந்தா நல்ல கையக் குடுத்திருப்பாரு. தூங்கிட்டிருந்த மனுஷனோட செத்த கையப் புடிச்சு இழுத்திருக்கீங்க. அழுத்திட்டு விட்டதும் விரல் தானா மடங்கிடுச்சு. மை உள்ளேயே நின்னுடுச்சு, பாருங்க." அவர் அந்த விரல்களை மறுபடி மெல்லப் பிரித்தார். "இழுத்ததுல தோள் இன்னும் எறங்கிடுச்சு. கை கட்டில விட்டுத் தொங்கிச்சு, அவரு அலறினாரு. நீங்க பயந்து, ஆணில இருந்தத எடுத்து, தெரிஞ்ச மாதிரி கட்டிட்டு ஓடிட்டீங்க. அந்த அளவுக்கு உங்களுக்கும் ஈரம் இருந்திருக்கு."

மேஸ்திரியின் தோள்கள் தொய்ந்தன. "மொதலாளி குடுத்த கூலிப் பணத்த நான் எடுத்து செலவு பண்ணிட்டேன்," என்றார். "மாசக் கடைசில கணக்கு காட்டணும். பேச முடியாத ஆளுதானேன்னு... அந்தக் கை அப்படி வரும்னு நெனைக்கல. கழண்டு என் கையோட வந்துடுமோன்னு ஆயிடுச்சு."

ஹாரன் எழுந்தே விட்டார். தையல்காரர் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மொத்தத்தையும் கட்ட வேண்டும், தவறினால் நோட்டு முதலாளியிடம் போகும் என்று முடிவாயிற்று. நோட்டைத் தையல்காரர் தன் மிஷின் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தங்கை பஸ் ஏறவில்லை. "பைய அவுத்து வெச்சிடு" என்று மட்டும் மனைவி சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தங்கை அண்ணனுக்காக இருந்தாள், அண்ணியோடு பேசவில்லை. "கஞ்சி ஆறுதுன்னு சொல்லுங்கண்ணே" என்பாள். "கேக்குதுன்னு சொல்லுங்க" என்பாள் அண்ணி. நடுவில் படுத்திருந்தவர் இரண்டுக்கும் "ஆமா" என்பார்.

மூன்றாவது ஞாயிறு. புதுப் பட்டையோடும் பூட்டி வைத்த நோட்டோடும் தையல்காரர் வந்தார், ஹாரனும் வந்தார். தங்கை அண்ணனைத் தூக்கி நிறுத்தினாள். முழங்கையைத் தாங்கி, பட்டையை முதுகு வழியாக இடது தோளுக்குக் கொண்டுவந்து கொக்கி மாட்டினாள். தோளில் இருந்த குழி மூடிக்கொண்டது. மேஸ்திரி கடைசித் தவணையை எண்ணினார். சில்லறை எழுபதையும் வைத்தார். எல்லாம் இடது உள்ளங்கையில். பழைய ரேகையின் மேல் குறுக்கே கோடு போட்டு, மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"தீந்துச்சுல்ல, அண்ணே?"

மூட்டைக்காரர் "ஆமா" என்று சொல்லவில்லை. பணத்தைக் கட்டில் மேல் போட்டார். இடது கையை நீட்டித் தங்கையைக் காட்டினார். பிறகு மனைவியைக் காட்டினார். கை அங்கேயே நின்றது.

"இன்னும் என்ன பாக்கி?" என்றார் ஹாரன், இந்த ஒரு தடவை மெதுவாக.

மனைவிக்குப் புரிந்தது. சோடா உப்பில் வெந்து வெளுத்த விரல்களால் முந்தானையைப் பிசைந்தாள்.

"அவ மேல திருட்டுப் பழி போட்டுட்டேன். நாள் பூரா உங்களச் சொமந்தவ. தப்பு என் மேலதான்."

"ஆமா," என்றார் மூட்டைக்காரர்.

தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "போதும்ணே, அண்ணிய விடுங்க," என்றாள். பிறகு அண்ணி பக்கம் திரும்பி, "கொக்கி எப்படி மாட்றதுன்னு நாளைக்கு சொல்லித் தரேன், அண்ணி," என்றாள்.

அவர் இடது கட்டைவிரலை மையில் வைத்தார். நோட்டில், கோடு போட்ட ரேகைக்குக் கீழே, முப்பது வருஷ பாரத்தோடு அழுத்தி எடுத்தார்.