குழாயில் ஊற்றிய பால்

காலை எட்டு மணிக்கெல்லாம் வசீலா அந்தப் பழைய ரோமானிய ஊருக்கு வந்துவிடுவாள். இடிந்த ஊர்வாசலுக்கு வெளியே, அகழாய்வில் புதிதாகத் தோண்டியெடுத்த பழங்கல்லறைகளைத் தூரிகையால் துடைப்பது அவள் வேலை. நான்கு மாதக் கைக்குழந்தை நிதாலை நாத்தனாரிடம் விட்டு வர அவளுக்கு மனசே வராது. வேறு வழியும் இல்லை.

நண்பகலில் மார் கட்டிக்கொள்ளும். மறைவாகப் போய்ப் பீய்ச்சிவிடுவாள். தாய்ப்பாலைக் கால் படும் இடத்தில் கொட்டக் கூடாது என்று சொல்லியே அவளை வளர்த்திருந்தார்கள். தொட்டில் அளவே இருந்த ஒரு கல்லறையின் மேல் மண்குழாய் ஒன்று வாய் திறந்து நின்றது. யார் காலும் படாது. தினமும் அதில்தான் ஊற்றினாள்.

மூன்றாம் நாள், குழாய்க்குள் ஏதோ விழுங்கும் சத்தம் கேட்டது.

காய்ந்த மண் அப்படித்தான் உறிஞ்சும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து கல்லறைப் பக்கம் போனாலே பால் பெருகியது. வீட்டுக்குப் போனால் சொட்டு இல்லை. நிதால் அழுது அழுது குரல் கம்மிப்போனான். கன்னம் ஒட்டிவிட்டது.

ஆறாம் நாள் காலை அகழாய்வு அதிகாரி அந்தச் சின்னக் கல்லறையில் பொறித்திருந்ததைப் படித்துச் சொன்னார். தொனாட்டா, எட்டு மாதப் பெண் குழந்தை. செத்தவர்களுக்கு ஊட்டத்தான் அந்தக் குழாயாம்.

கூட வேலை செய்யும் கதூஜா, அவள் குழாயில் பால் ஊற்றுவதைப் பார்த்திருந்தவள், அவளைத் தனியே இழுத்துப் போனாள்.

"எத்தனை தடவ ஊத்துன?"

"அஞ்சு தடவக்கா."

ஒருத்தியின் பாலை ஐந்து முறை குடித்த குழந்தை, யார் பெற்றதானாலும் அவள் பிள்ளைதான். அவர்கள் ஊரில் அதை மாற்றிச் சொல்வார் இல்லை.

"அப்ப அது உன் பொண்ணுடி," என்றாள் கதூஜா மெதுவாக. "நிதாலுக்கு அக்கா."

வசீலா ஈரமண்ணைக் குழைத்துக் குழாயை அடைத்தாள். மேலே ஒரு கல்லையும் ஏற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

நல்ல வெயில் நேரம். நிதாலை மடியில் போட்டு வலது மாரைக் கொடுத்தாள். பால் சுரந்தது. பிள்ளை மடக்மடக்கென்று குடித்தான். அவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

அறைக்குள் ஈரமண் வாசனை வந்தது.

இடது மாரை எதுவோ கவ்வியது.

சில்லென்ற, சின்ன வாய்.

வலி பொறுக்காமல் துணியை விலக்கிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. காம்பைச் சுற்றி ஈரமண் அப்பியிருந்தது. அதன் நடுவே இரண்டு பல் தடங்கள்.

நிதாலுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.