பும்லா வீட்டு விதைப் புட்டி

வியாழக்கிழமை மாலை வேலை முடிந்து வந்த பும்லா, பின்னறைக் கதவைத் திறந்ததுமே மூக்கைச் சுருக்கினாள். கீரையை அடுப்பில் போட்டுவிட்டு மறந்துபோனால் வருமே, அந்த வாடை. செடி வளர்க்க நிறுத்தியிருந்த ஆள் உயரக் கறுப்புத் துணிக் கூடாரத்தின் ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். உள்ளிருந்த வெக்கை முகத்தில் அறைந்தது. கஞ்சாச் செடிகள் அத்தனையும் இலை தொங்கி, நுனி கருகி, தொட்டிகளின் மேல் சரிந்து கிடந்தன. உச்சியில் பழைய சோடியம் விளக்கு தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் சமையலறைக்கு ஓடி ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உலர்ந்த பூ நிறைந்த பெரிய புட்டி அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் இருந்த சின்ன விதைப் புட்டியைக் காணவில்லை.

போலீசுக்குப் போக அவள் நினைக்கவில்லை. வீட்டில் வளர்த்துக்கொள்ள அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது, விற்கத்தான் கூடாது. ஆனால் கஞ்சா விதை களவு போனது என்று புகார் எழுதினால் கோனுபி போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வாரம் சிரிப்பார்கள். அதனால் இரண்டு தெரு தள்ளி இருந்த சிந்திஸ்வாவைக் கூப்பிட்டாள். சிந்திஸ்வா ஓய்வு பெற்ற சார்ஜென்ட். பதவியில் இருந்த காலமெல்லாம் போண்டோலாந்து மலைகளில் இதே செடியைத் தேடித் தேடிப் பிடுங்கி எரித்தவள். சட்டம் மாறிய பிறகு, இத்தனை வருஷமும் எதற்காகப் புகையில் நின்று கண்ணெரிந்தோம் என்று யாரைப் பார்த்தாலும் திட்டுவாள்.

வந்தவள் கூடாரத்துக்குள் தலையை நீட்டினாள், அடுக்கடுக்காய்த் தும்மினாள், தலையை வெளியே எடுத்தாள்.

"பிடுங்கின நானே இப்ப இதுக்குத் துப்புத் துலக்கணும். நல்ல தலையெழுத்து. சொல்லு, என்னா போச்சு?"

"எல்லாம் போச்சு அக்கா."

"எல்லாம்னா? மலையில இதே செடி புல்லு மாதிரி கெடக்கு."

"அது வேற. மலைச்செடி கூரையைத் தாண்டி வளரும். பகல் குறைஞ்சு ராத்திரி நீளுற வரைக்கும் பூக்காது. நம்ம மாதிரி சின்ன வீட்டுல அதை எங்க வெக்கிறது? ஆட்டோன்னு ஒரு குட்டை ரகம் இருக்கு. அது வெளிச்சம், இருட்டு எதையும் பாக்காது, வயசு வந்தா தானா பூத்துடும். ரெண்டையும் நான் ஒட்டுச் சேத்தேன்."

"சேத்தா ஆச்சு."

"ஆவாது. மொதல் தலைமுறைப் பிள்ளைங்க எல்லாம் மலைச்செடி மாதிரியேதான் இருக்கும். ஆட்டோ குணம் உள்ள ஒளிஞ்சு கெடந்து, பேரப்பிள்ளைங்கள்ல நாலுல ஒண்ணுக்குத்தான் வரும். அதைப் பொறுக்கி மறுபடி சேத்து, மறுபடி பொறுக்கி, நாலு வருஷம் அக்கா. இப்பத்தான் போடுற விதை எல்லாமே குட்டையா, தானா பூக்குது. வாசனை மட்டும் மலை வாசனை. நாளன்னைக்குச் சனிக்கிழமை நம்ம வளர்ப்பாளர் சங்கத்துல எல்லாருக்கும் சும்மா குடுக்கறதா இருந்தேன்."

"ஒரு கிளையை வெட்டி நட்டுக்க வேண்டியதுதானே?"

"ஆட்டோல அது நடக்காது. வெட்டின கிளைக்கும் தாய்ச்செடியோட வயசுதான். வேர் விடறதுக்குள்ள பூத்து முடிஞ்சிடும். விதைதான் எல்லாம். புட்டியில இருந்தது பாதி, இதோ இந்தச் செடிங்கள்ல முத்திக்கிட்டு இருந்தது பாதி. இன்னும் ரெண்டு வாரம் போயிருந்தா..." பும்லா முடிக்காமல் நிறுத்தினாள். அழவும் இல்லை. கருகின இலை ஒன்றைக் கிள்ளிக் கோபத்தோடு கீழே எறிந்தாள்.

சிந்திஸ்வா வாசல் பூட்டைப் பார்த்தாள், ஜன்னல்களைப் பார்த்தாள். எங்கும் ஒரு கீறல் இல்லை.

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

மூன்று பேர். பக்கவாட்டு அறையில் குடியிருக்கும் சித்தப்பா மகன் லுங்கா. விவாகரத்தாகிப் போன பிறகும் சாவியைத் திருப்பித் தராத முன்னாள் கணவன் மலூசி. அப்புறம் வான்டிலே. மலைச்செடியின் விதையைப் போண்டோலாந்தின் லுசிகிசிகியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தவன் அவன்தான். அந்த விதையில்தான் எல்லாமே ஆரம்பித்தது. நாலு வருஷமும் பும்லாவோடு உட்கார்ந்து செடி பொறுக்கியவன்.

"வான்டிலேயை விட்டுடுங்க அக்கா. அவன் எனக்குக் கூடப் பொறந்தவன் மாதிரி."

"கூடப் பொறந்தவங்களைத்தான் நான் நெறைய உள்ள தள்ளியிருக்கேன்," என்றாள் சிந்திஸ்வா. "இந்தக் கூடாரம் எப்பவும் மூடித்தான் இருக்குமா?"

"முன்னெல்லாம் ஜிப் போட்டுத்தான் இருக்கும், காத்தை இழுக்க விசிறி இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை அது எரிஞ்சுபோச்சு. புதுசு வர்ற வரைக்கும் வாசல் துணியைச் சுருட்டி ரெண்டு துணிக் கிளிப்பு மாட்டியிருந்தேன். இதுக்குத்தான் இருட்டே வேண்டாமே, தொறந்து கெடந்தா என்ன? பாவி, சாகணும்னே மூடிட்டுப் போயிருக்கான்."

"கிளிப்பு எங்க?"

சுவரலமாரித் தட்டில் இரண்டு கிளிப்புகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சிந்திஸ்வா குனிந்து பார்த்தாள். கூடாரத்தின் அடியில் காற்றுக்காக விட்ட சின்ன வலை ஜன்னலின் மடிப்பும் ஓரம் விடாமல் அழுத்தி ஒட்டப்பட்டிருந்தது. அவள் மறுபடி கிளிப்புகளைப் பார்த்தாள்.

லுங்கா வீட்டிலேயே கிடைத்தான். கேட் திறந்து கிடந்தது, முற்றத்துக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அவன் அறைக் கதவும் திறந்தே இருந்தது. அவன் கட்டிலில் படுத்திருந்தான்.

"பகல்ல எங்கடா இருந்தே?" என்றாள் சிந்திஸ்வா.

"இங்கதான். தூங்கினேன்."

"யாராவது வந்தாங்களா?"

"தூங்கினேன்னு சொன்னேனே அக்கா."

"விசிறி எரிஞ்சது உனக்குத் தெரியுமா?"

"நான்தானே கழட்டிக் குடுத்தேன். கூடாரத்தை மூடிடாதடா, வெந்துடும்னு பும்லா அக்கா நூறு தடவை சொல்லிடுச்சு. நானா? நான் எதைத்தான் மூடியிருக்கேன்?"

அதுவும் உண்மைதான்.

"விதையை யாராவது கேட்டாங்களா?"

"போன மாசம் ஜோகன்னஸ்பர்க்லேர்ந்து ஒரு விதைக் கம்பெனி ஆள் சங்கத்துக்கு வந்தான். பும்லா அக்கா முடியாதுன்னு சொல்லி அனுப்பிடுச்சு. வான்டிலே அண்ணன்தான் காரு வரைக்கும் போய் வழியனுப்பிச்சு. ரொம்ப நேரம் வழியனுப்பிச்சு."

மறுநாள் காலை மலூசி டயர் கடையில் இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

"செத்துடுச்சா? எல்லாமா? கடவுள் இருக்கார்."

"சாவி உன்கிட்ட இருக்கே."

"இருக்கு. ஆனா நான் கொல்றதா இருந்தா வேரோட பிடுங்கி நடுத்தெருவுல போட்டிருப்பேன். ஒருதரம் போட்டும் இருக்கேன், அதுலதான் எங்க கல்யாண வாழ்க்கையே முறிஞ்சது. பொத்தி வெச்சு, ஜிப்பு போட்டு, இதெல்லாம் எனக்கு எதுக்கு?"

சிந்திஸ்வா கடைசியாக வான்டிலே வீட்டுக்குப் போனாள். செய்தி கேட்டு அவன் கண் சிவந்திருந்தது. தேநீர் போட்டான், சூடாகப் பொரித்த மக்வின்யா மாவு உருண்டைகளைத் தட்டில் வைத்து நீட்டினான். குசுகுசுவென்றுதான் பேசினான்.

"ஏன்டா ரகசியமா பேசறே?"

"பக்கத்து ரூம்ல செடிங்க தூங்குது அக்கா. பழக்கம் ஆயிடுச்சு."

"செடிக்குக் காது கேக்குமா? தொறந்து காட்டு."

"இப்ப முடியாது. என்னோடது மலைச்செடி, ஆட்டோ இல்ல. பாதி நாள் வெளிச்சம், பாதி நாள் கும்மிருட்டு. அந்த இருட்டுல ஊசிமுனை வெளிச்சம் பட்டாலும் குழம்பிப்போய்ப் பூ கெட்டுடும். வெளிச்சம் வந்தப்புறம் வாங்க, காட்டறேன்."

"வியாழன் பகல்ல எங்க இருந்தே?"

"கடைவீதியில."

"கடைசியா பும்லா வீட்டுக்கு எப்பப் போனே?"

"ரெண்டு வாரம் ஆச்சு. பாவம், அவ ரகம் இப்படிப் போயிடுச்சே."

"அவ ரகமா?"

"எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க. பும்லா ரகம்." அவன் சிரித்தான். சிரிப்பு தேவைக்கு மேல் கொஞ்சம் நீண்டது.

வெள்ளிக்கிழமை மாலை மூன்று பேரையும் பும்லாவின் சமையலறையில் உட்காரவைத்தாள் சிந்திஸ்வா. பின்னறையில் கூடாரத்தின் வாசல் துணி முன்போலச் சுருட்டி, கிளிப்பு மாட்டியிருந்தது. அடி ஜன்னலும் திறந்திருந்தது. விளக்கை அணைத்திருந்தார்கள்.

"மண்ணுல எவனாவது எதையாவது ஊத்தியிருக்கானான்னு பாக்கணும். ஆளுக்கு ஒரு தொட்டி எடுத்துட்டு வாங்க. ஒவ்வொருத்தரா."

லுங்கா போனான், தொட்டியோடு வந்தான். கூடாரம் திறந்தபடி இருந்தது. அறைக் கதவும் திறந்தபடி இருந்தது. மலூசி மூக்கைப் பொத்திக்கொண்டு போனான், ஒரு தொட்டியை உருட்டிவிட்டு இன்னொன்றைத் தூக்கி வந்தான். கூடாரம் திறந்தே கிடந்தது.

வான்டிலே போனான். தொட்டியை இடது கையில் அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். வலது கை கிளிப்புகளைக் கழற்றித் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தது, துணியை இறக்கியது, ஜிப்பைக் கீழ்வரை இழுத்தது. குனிந்து அடி ஜன்னலின் மடிப்பையும் ஓரம் பார்த்து அழுத்தியது. அவன் கண் தொட்டியின் மேலேயே இருந்தது.

கதவருகே நின்ற சிந்திஸ்வா வழிவிடவில்லை. "எதுக்குடா மூடினே?"

"என்னத்தை?"

"திரும்பிப் பாரு."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"உள்ள இருக்கறது எல்லாம் பொணம்," என்றாள் சிந்திஸ்வா. "விளக்கும் எரியல. செத்த செடிக்கு எந்த வெளிச்சத்தைடா மறைக்கறே?"

சமையலறையிலிருந்து எழுந்து வந்த பும்லா மூடிய கூடாரத்தைப் பார்த்தாள், கிளிப்புகளைப் பார்த்தாள், வான்டிலேயைப் பார்த்தாள்.

"நேத்து இதே மாதிரிதான் இருந்துச்சு பும்லா," என்றாள் சிந்திஸ்வா. "நீ உடனே, கொல்லத்தான் மூடினான்னுட்டே. கொல்ல வந்தவன் கிளிப்பைக் கழட்டித் தரையில எறிவான், இப்படித் தட்டுல அடுக்கி வெக்க மாட்டான். இது பாதுகாக்கற கை. வெளிச்சம் ஒழுகினா செடி கெட்டுடும்னு வருஷக்கணக்கா பயந்த கை. உன் வீட்டுல ஆட்டோ மட்டும்தான், அதுக்கு அந்தப் பயம் கெடையாது. லுங்காவுக்கு விசிறி எரிஞ்சது தெரியும், மலூசிக்கு ஜிப்பே தெரியாது. மலைச்செடி வளர்க்கறவன், விசிறி எரிஞ்சது தெரியாதவன் ஒருத்தன்தான். ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வரலேன்னு அவனே சொன்னான். புகைக்கற திருடனா இருந்தா பெரிய புட்டியைத் தூக்கியிருப்பான். சின்னதைத் தூக்கினவனுக்கு அதோட அருமை தெரியும்."

வான்டிலே தொட்டியைத் தரையில் வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான்.

"நானா மூடினேன்?" என்றான். அவன் குரலில் இருந்த பயம் நிஜமாக இருந்தது. "சத்தியமா எனக்கு ஞாபகமே இல்ல. யாரோ பின்னாடி வந்து கெடுத்துட்டான்னு நெனைச்சு ராத்திரி பூரா தூங்கல பும்லா. நான் செடிங்களைத் தொடவே இல்ல. புட்டியை மட்டும்தான் எடுத்தேன். எடுத்துட்டு உள்ள வந்து பாத்தேன், ரெண்டு வாரத்துல விதை முத்திடும், உனக்கு அது இருக்குன்னு மனசு ஆறித்தான் போனேன்."

"எனக்குப் பாதியை விட்டுட்டுப் போனியா," என்றாள் பும்லா. "ரொம்ப நல்ல மனசு."

"திங்கக்கெழமை அந்தக் கம்பெனி ஆள் வர்றான். என் பேர் போட்டு வெளியிடறேன்னான். மலை விதை நான் கொண்டாந்தது. நீ சனிக்கெழமையே ஊருக்கெல்லாம் சும்மா குடுத்துட்டா அப்புறம் அதுல யார் பேர் இருக்கும்?"

"பேர்தான் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே. வான்டிலே ரகம்னே வெச்சிருப்பேன். மாட்டேன்னு சொல்லியிருப்பேனா?"

"மாட்டே."

"பின்ன?"

"நீ வெச்சா அது நீ குடுத்த பேரு. எல்லாரும் பும்லா எவ்வளவு நல்லவள்னுதான் சொல்வாங்க. அதை என்னால தாங்க முடியல."

புட்டி வான்டிலேயின் காரில், இருக்கைக்கு அடியில் துணி சுற்றி இருந்தது. சிந்திஸ்வா அவனோடு போய் எடுத்து வந்தாள். பும்லா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விதைகள் அப்படியே இருந்தன. நாலு வருஷ உழைப்பு பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. முந்தின நாள் மாலை இதற்காகத்தான் அவள் உயிர் துடித்தது. இப்போது அவளுக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. செடி கருகியதைப் பார்த்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

"கேஸ் எழுதறியா?" என்று கேட்டாள் சிந்திஸ்வா.

"வேண்டாம் அக்கா."

வான்டிலே ஒரு எட்டு முன்னால் வந்தான். "பும்லா, மறுபடி ரெண்டு பேரும் உக்காந்து..."

"நாளைக்குச் சங்கத்துல ஆளுக்குப் பத்து விதை குடுக்கறேன்," என்றாள் அவள். "உனக்கும் உண்டு. வந்து வரிசையில நில்லு."

அவன் நிமிர்ந்து பார்த்தபோது அவள் புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி அழ ஆரம்பித்திருந்தாள்.