செவியத்துக்குப் போடும் துணி

காலையில் எழுந்ததும் சம்யுக்தா முதலில் செய்வது செவியத்தைத் துடைப்பது. சமையலறை அலமாரிக்கு மேலே, கைக்கெட்டும் உயரத்தில், ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவில் அந்தக் கேட்கும் கருவி இருக்கிறது. எண்ணெய்ப் புகை படிந்தால் காது மந்தமாகிவிடும் என்று பொருத்த வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஈரத் துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை. நடுவிலிருக்கும் பச்சைப் புள்ளி, தூங்கி எழும் குழந்தையின் கண்போல மெதுவாகத் திறக்கும்.

பக்கத்து ஆணியில் இன்னொரு துணி தொங்கும். உள்ளே பஞ்சு வைத்து, மேலே மயில் பின்னிய துணி. கல்யாணச் சீரில் குத்துவிளக்கோடும் எவர்சில்வர் அண்டாவோடும் அம்மா வீட்டிலிருந்து வந்தது. கோவையில் எந்த வீட்டுக்குப் போனாலும் செவியத்தின் பக்கத்தில் இப்படி ஒன்று தொங்கும். எதற்கு என்று விருந்தாளிகள் யாரும் கேட்பதில்லை.

அன்று அவள் பாலை அடுப்பில் வைத்தபோது, அவளுடைய பகராள் கார் நிறுவனத்தோடு பேசத் தொடங்கியிருந்தது.

பகராள் என்றால் நமக்குப் பகரமாக, நமக்குப் பதிலாகப் பேசும் ஆள். ப்ராக்ஸி என்றும் சொல்வார்கள். வீட்டுச் செவியம் ஆண்டுக்கணக்கில் கேட்டுச் சேர்த்த பேச்சிலிருந்து, நம் குரலும் குணமுமாக அது உருவாகும். வங்கி, காப்பீடு, பள்ளிச் சேர்க்கை, நுகர்வோர் வழக்கு எல்லாவற்றையும் இப்போது பகராள்கள்தான் பேசித் தீர்க்கின்றன. நமக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு நாம் அங்கே இருந்தால் என்ன சொல்வோமோ, அதைத்தான் அது சொல்லும்.

சம்யுக்தா கேட்டிருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான்: தவறு கதவினுடையது.

வண்டியின் பெயர் நீலாம்பல். தானாக ஓடும் கார்களில் அதைவிட உயர்ந்தது இப்போதைக்கு இல்லை. அவள் கணவன் தரணீஷின் பம்ப் தொழிற்சாலைக்குப் பெரிய ஆர்டர் கிடைத்த மகிழ்ச்சியில், அவள் பெயரில் வாங்கியது. அதன் கதவுகளுக்குக் கைப்பிடி கிடையாது. அருகே போனால் திறக்கும், உட்கார்ந்தால் மூடும், இடையில் ஒரு தலைமுடி பட்டாலும் நின்றுவிடும் என்று விளம்பரத்தில் சொன்னார்கள். மருதமலை அடிவாரத்தில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றி இறக்கிய அன்றைக்கே, எட்டு வயது மகள் நறுவியின் இடது கை கதவில் சிக்கியது. அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அதன் பிறகுதான் கதவு நகரத் தொடங்கியது. சம்யுக்தா அதைக் கண்ணால் பார்த்தாள். கதவு நிற்கவில்லை. துண்டான இரண்டு விரல் நுனிகளில் ஒன்றைத்தான் மருத்துவர்களால் திரும்பப் பொருத்த முடிந்தது.

மூடுகிற கதவில் குழந்தை கை வைத்துவிட்டது என்று நிறுவனம் முதல் பதில் அனுப்பியது. அதைப் படித்த நறுவி கேட்டாள், "நானாங்கம்மா வெச்சேன்?"

அந்தக் கேள்விக்காகத்தான் அந்த வாக்கியம்.

பால் பொங்குவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. கூடத்திலிருந்து தரணீஷின் குரல் துள்ளி வந்தது. "சம்யு, இங்க வா. உன் பகராள் கலக்கிடுச்சு. புது வண்டி, இதே நீலாம்பல், வசதி மட்டும் கூட. ஆயுசுக்கும் சர்வீஸ் இலவசம்."

"அந்த வரி?"

அவன் திரையைக் கீழே தள்ளினான். விரல் ஓரிடத்தில் நின்றது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். உடன்பாட்டின் கடைசியில் இருந்தது: குழந்தையின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என இரு தரப்பும் ஏற்கின்றன.

அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகும் வாசனை வந்தது. இருவரும் நகரவில்லை.

"பதிவு இருக்குமில்லீங்க? போடுங்க," என்றாள்.

நிறுவனத்தின் பகராள் ஓர் இளைஞனின் குரலில், வீட்டு மாப்பிள்ளைபோல் பேசியது. "பாப்பா எப்படியம்மா இருக்கறாங்க?"

"இருக்கறாங்க. கேட்டதுக்கு நன்றிங்க."

தன் குரலை வெளியிலிருந்து கேட்பது முதலில் கூச்சமாக இருந்தது. குரல் அச்சு அசலாக அவளுடையது.

"கதவு சென்சார்ல தப்புன்னு எழுதித் தரச் சொல்லியிருக்கீங்க. அப்படி எழுதினா வித்த வண்டி பூராத்தையும் திருப்பிக் கூப்பிடணும். எங்க பசங்க நெறையப் பேருக்கு வேலை போயிரும்மா."

அங்கே ஒரு சின்ன மூச்சு. சம்யுக்தாவுக்கு அந்த மூச்சைத் தெரியும். ஏதோ ஒன்றை விழுங்கிவிட்டுப் பேச ஆரம்பிப்பதற்கு முன் அவள் விடுவது.

"அய்யோ, அதெல்லாம் பெருசாக்க வேண்டாங்க. கொழந்தையும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும். எங்க மேலயும் தப்பிருக்கு. அப்படியே போட்டுக்கங்க. பரவால்லீங்க."

அவள் இன்னொரு முறை போடச் சொன்னாள். நிறுவனம் குழந்தையைப் பற்றி எதுவும் கேட்டிருக்கவில்லை. அவள்தான் எடுத்துக் கொடுத்திருந்தாள். யாரும் நீட்டாத கையில், தானாகக் கொண்டுபோய் வைத்திருந்தாள்.

ஒரு பகராள் செய்த உடன்பாட்டை மறுக்கச் சட்டத்தில் ஒரு வழிதான் உண்டு: அது நம்மைப்போல் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். மறுநாள் இருவரும் பந்தயச் சாலையிலிருந்த ஒப்புமை மன்றத்துக்குப் போனார்கள். அவர்களுடைய மனுவை எடுத்துக்கொண்ட அதிகாரி ஃபர்ஹானாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் கண்ணாடி தொங்க, மேசையில் பாதி உரித்த ஆரஞ்சுப் பழம். சுளைகளை அவர்கள் பக்கம் தள்ளினார்.

"பதிவை நானும் கேட்டேன். உங்க வீட்டுச் செவியத்தையும் அலசச் சொன்னேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீங்க ஒரு தடவைகூடக் குரலை ஒசத்தலியேம்மா. ஒருத்தர்கிட்டயும் முடியாதுன்னு சொல்லல. அப்புறம் பகராள் எப்படிங்க சொல்லும்?"

"சொல்லியிருக்கேன்," என்றாள் சம்யுக்தா.

"எங்க?"

அவள் வாயைத் திறந்தாள். தரணீஷ் சம்பள வேலையை விடச் சொன்ன அன்று ராத்திரி தான் போட்ட கூச்சல் நினைவுக்கு வந்தது. மாமியார் நகையைக் கேட்டபோது தட்டு ஒன்று பறந்தது. இரண்டாவது குழந்தை வேண்டாம் என்று தொண்டை கட்டும்வரை அழுதாள். ஒவ்வொரு முறையும் சண்டை மூளப்போகும் அந்தக் கணத்தில் ஒரு கை ஆணியிலிருந்த துணியை எடுத்து, மயில் முகத்தை வெளியே காட்டியபடி செவியத்தின்மேல் போட்டது. வீட்டுச் சண்டையை அடுத்தவர் காது கேட்கக் கூடாது. எல்லாம் அடங்கியதும் அதே கை துணியை எடுத்து மடித்து மாட்டியது. செவியம் மறுபடியும் கேட்கத் தொடங்கியபோது அவள், "விடுங்க, என் மேலதான் தப்பு. சாப்பிட வாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கை தரணீஷுடையது அல்ல. அவளுடையது.

பன்னிரண்டு வருடங்களாக அந்தச் செவியத்துக்கு அவள் தன் பாதியை மட்டும் கொடுத்து வந்திருக்கிறாள். அந்தப் பாதி எழுந்து நின்று, அவளுடைய குரலில் பேசி, அவள் குழந்தையை விட்டுக்கொடுத்துவிட்டது.

"வீட்ல இருக்கறவங்க சாட்சி சொன்னா நான் எழுதிக்கலாம்," என்று ஃபர்ஹானா தரணீஷிடம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. இவங்க கோவப்படுவாங்களா? உங்ககூடச் சண்டை போட்டிருக்காங்களா?"

ஒரு 'ஆமாம்' போதும். சம்யுக்தா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எங்க வீட்ல சண்டைங்கற பேச்சே இல்லீங்க மேடம். அவ தங்கமான பொண்ணு. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா."

அவன் பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வெளியாள் ஒருவர் கேட்டார், வாய் தன் வழக்கப்படி வீட்டைக் காத்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே புரிந்தது. ஆனால் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"நீங்க ஏதாவது சொல்றீங்களாம்மா? ஒரே ஒரு சண்டை. நடந்ததை நடந்த மாதிரி சொன்னாப் போதும்."

தட்டு பறந்ததைச் சொல்லலாம். சொன்னால் மாமியாரைச் சொல்ல வேண்டும், நகையைச் சொல்ல வேண்டும். அறையின் மூலையில் மன்றத்தின் செவியம் பச்சையாக விழித்திருந்தது. சம்யுக்தாவின் கை மடியில் எதையோ தேடியது. எடுத்து மூடுவதற்கு ஒரு துணியை.

"ஒண்ணுமில்லீங்க," என்று சொன்னாள். சொல்லிவிட்டு, அதைச் சொன்னது யார் என்று திகைத்துப்போனாள். பகராளுக்கும் தனக்கும் நடுவில் ஒரு நூலிழை இடைவெளிகூட இல்லை.

ஃபர்ஹானா கழுத்துக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "துணிதானே? தெரியுங்க. என் வீட்லயும் தொங்குது, கிளி போட்டது." ஆரஞ்சுத் தோலைத் திரட்டிக் குப்பையில் போட்டார். "உங்க வீட்டுக்காரர் பகராளையும் பாத்தேன். பேரம் பேசுனா எதிராளி ஓடிருவான். லேத்துல வேலை செய்யறவங்களை ஃபோன்ல திட்டுனது அத்தனையும் அதுக்குப் பாடம். ஆம்பளைங்க கோவத்துக்கு யாரும் துணி போடறதில்லீங்க."

தரணீஷ் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

மனு தள்ளுபடியானது. எழுந்தபோது அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி இரண்டு விஷயங்கள் சொன்னார். புது வண்டியை அவள் கை வைத்து ஏற்றுக்கொள்ளும் வரை உடன்பாடு முழுமையடையாது. பகராள் காலப்போக்கில் மாறினால், மாறிய பகராளைக் கூட்டிக்கொண்டு அவள் மறுபடி வரலாம். "ஆனா செவியம் கேக்கறதுக்கு ஏதாச்சும் வேணுமில்லீங்களா," என்றார்.

அவிநாசி சாலை மேம்பாலத்தில் வாடகைக் கார் ஏறியதும் தரணீஷ்தான் ஆரம்பித்தான்.

"அங்க போயி நம்ம வீட்டுச் சண்டையைச் சொல்லச் சொல்றயா? நாளைக்கு நாலு பேர் என்ன நெனப்பாங்க?"

"நான் சொல்லச் சொல்லலீங்க."

"நீயும்தான சொல்லல."

"ஆமாங்க," என்றாள். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

வீட்டு வாசலில் புது நீலாம்பல் நின்றது. நிறுவனம் ஒரு சிவப்பு நாடாவும் கட்டி அனுப்பியிருந்தது. அவள் அருகே போனதும் கதவு ஓசையில்லாமல் திறந்தது. உள்ளே இருக்கையில் ஒரு பொம்மை யானையும், 'அன்பு நறுவிக்கு, இனிக் கவனமாக' என்று ஓர் அட்டையும். கதவின் விளிம்பில் உள்ளங்கை அளவில் ஒரு நீல வட்டம் ஒளிர்ந்தது. அதில் கை வைத்தால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்.

நறுவி வாசற்படியை விட்டு இறங்கவில்லை. கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அட்டையைத் தூரத்திலிருந்தே படித்துவிட்டாள்.

"கையை வெச்சிருங்கம்மா," என்றாள். "பரவால்லீங்க. என் மேலயும் தப்புதானே."

சொல்வதற்கு முன் ஒரு சின்ன மூச்சு விட்டாள். விழுங்கிவிட்டு விடும் மூச்சு.

எட்டு வயதில் குழந்தைகளின் பகராள் உருவாகத் தொடங்கும். வீட்டில் இருக்கும் செவியம் ஒன்றே. இத்தனை நாளும் அது மட்டும் சம்யுக்தாவைக் கேட்கவில்லை. நறுவியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். துணி போட்ட நேரத்திலும் நறுவி கேட்டாள், துணி எடுத்த பிறகு சொன்னதையும் கேட்டாள், இரண்டில் எது வெளியே சொல்லத்தக்கது என்பதையும் கற்றுக்கொண்டாள்.

"கையை வை சம்யு, முடிஞ்சது முடிஞ்சு போச்சு," என்றான் தரணீஷ், களைத்த குரலில். "எனக்கு மட்டும் வருத்தமில்லையா?"

சம்யுக்தா வண்டியின் திறந்த கதவைத் தாண்டி, நறுவியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். சமையலறை வரை போனாள். நேற்றுக் கருகிய பாலின் கறை அடுப்பில் அப்படியே இருந்தது. தரணீஷ் பின்னால் வந்தான்.

"நான் வெக்க மாட்டேன்," என்றாள்.

"என்ன?"

"வெக்க மாட்டேன். அந்த வண்டி வேண்டாம். திருப்பி அனுப்புங்க." குரல் ஏறத் தொடங்கியது. பகலில், ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும்போது, இந்தக் குரலை அவளே கேட்டதில்லை. கரகரப்பாக, ஒழுங்கில்லாமல் வந்தது. "இவ கையை அங்க வெச்சதுக்கு அப்புறம்தான் கதவு மூடுச்சு. நான் பாத்தேன். நீங்களும்தான் பாத்தீங்க. அதை ஏன் அங்க சொல்லல? நான் ஏன் சொல்லல?"

"மெதுவா பேசு சம்யு. பக்கத்து வீட்ல—"

ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. நறுவி அதில் ஏறியிருந்தாள். யாரும் சொல்லாமலே ஆணியிலிருந்து மயில் துணியை எடுத்து, கட்டுப்போட்ட கையால் ஒரு முனையையும் நல்ல கையால் மறுமுனையையும் பிடித்துச் செவியத்தின் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். நன்றாகப் பழகிய கை. மயில் முகம் வெளியே தெரியும்படிதான் பிடித்திருந்தாள்.

சம்யுக்தா ஸ்டூலருகே போனாள்.

"அதப் போடாத, சாமி," என்றாள். "கேக்கட்டும்."

"நீங்க கத்தறீங்கம்மா."

"ஆமா. கத்துவேன்."

தரணீஷ் கதவுநிலையில் சாய்ந்து நின்றான். மகளையும் துணியையும் பார்த்தான். ஜன்னலை மூடப் போன கையைக் கீழே விட்டான்.

"தப்பு உன்னோடது இல்ல," என்றாள் சம்யுக்தா. வீடு அதிரும்படி, பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தக் கதவோடது. எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்."

நறுவி பயந்திருந்தாள். துணியை ஆணியில் மாட்டவும் இல்லை, கீழே போடவும் இல்லை. அதைத் தன் கட்டுப்போட்ட கையின்மேல் போர்த்திக்கொண்டு, ஸ்டூல்மேல் நின்றபடி, அம்மா கத்துவதைக் கடைசிவரை கேட்டாள்.