போனட்டுக்கு அந்தப்பக்கம்

அக்காவின் கால் இப்படி மிதிக்காது. அவள் ஆக்சிலரேட்டரை மிதித்தால் கரப்பான்பூச்சியை நசுக்குகிற மாதிரி ஒரே மிதிதான். என்ஜின் அலறிவிட்டுத்தான் அடங்கும். இப்போதோ "குடு" என்று மெக்கானிக் தம்பி சொன்னதும் சத்தம் பதமாக ஏறி ஓர் அளவில் நின்றது. "விடு" என்றதும் அதே பதத்தில் இறங்கியது. பரவாயில்லையே, தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். அவளைப் பார்க்க முடியவில்லை. தூக்கி நிறுத்திய போனட் முன்கண்ணாடியை முழுக்க மறைத்திருந்தது. தகரக் கூரையில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியதில் பட்டப்பகலிலேயே ஷெட்டுக்குள் இருட்டு. ஈர இரும்பும் பழைய ஆயிலும் கலந்த வாடை.

வண்டியை நிறுத்தியபோதே அக்கா என்னவோ சொன்னாள். "முன்னாடி உம்முனு ஒரு சத்தம் வருதுடா, என்னன்னு பாரு" என்றதுதான் காதில் விழுந்தது. மீதியை மழை தின்றுவிட்டது. போனட்டைத் தூக்கிவிட்டு "ஸ்டார்ட் பண்ணுக்கா" என்றான். ஸ்டார்ட் ஆனது.

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை என்ஜினில் இடம் இடமாக வைத்துக் கேட்பான். எங்கே சத்தம் பெரிதாகக் கேட்கிறதோ அங்கேதான் கோளாறு. வாட்டர் பம்ப்பில் ஒன்றுமில்லை. ஆல்டர்னேட்டரிலும் இல்லை. "ஆஃப் பண்ணு" என்றான், நின்றது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னான். உம்ம்ம் என்று அது அப்படியே இருந்தது. கேட்ட சத்தம்தான். எங்கே கேட்டோம் என்று யோசிக்கும்போதே ஸ்க்ரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டான்.

சக்கரத்தின் பேரிங் தேய்ந்துபோனால் வருகிற சத்தம் அது. சக்கரம் சுற்றினால்தான் வரும். வண்டியோ குத்துக்கல்லாட்டம் நிற்கிறது.

இதே வண்டியில் இதே சத்தத்தைப் போன வருஷம் கேட்டிருக்கிறான். அக்காவின் வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். அன்றைக்கு இவன் வேலையை முடித்துக் கையை எல்லாம் கழுவியாயிற்று. கழுவின கையில் மறுபடி கிரீஸைப் பூசிக்கொள்ள மனசில்லை. அவ்வளவுதான், வேறு காரணமே கிடையாது. குனிந்து சக்கரத்தை ஓர் ஆட்டு ஆட்டினான். அவர் திரும்பி வந்ததும், "கழட்டிப் பாத்துட்டேன் மாமா, டயர் சத்தம்தான். தைரியமாப் போங்க" என்றான். மாமா தைரியமாகத்தான் போனார். இறக்கத்தில் சக்கரம் பிய்த்துக்கொண்டது.

"ரோடு சரியில்ல" என்று முதலில் சொன்னவன் இவன்தான். பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள். மாமாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போன அன்றைக்கு அக்கா இவன் தோளில் சாய்ந்துதான் அழுதாள். நொறுங்கிய வண்டியை இவனே சரிசெய்து, புது பேரிங் போட்டு அவளுக்குக் கொடுத்தான். அவளுக்கு மட்டும் தெரிந்துவிடக்கூடாது. அன்றிலிருந்து அவன் வேண்டிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

குனிந்தான். முன்சக்கரத்தின் நடுவில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தான். காதுக்குள் உம்ம்ம் என்று இரைந்தது. சக்கரம் இம்மியும் அசையவில்லை.

எழுந்து போனட்டுக்குப் பின்னால் நின்றான். முகம் தெரியாவிட்டால் கோழைக்கும் கொஞ்சம் துணிச்சல் வரும் போலிருக்கிறது. இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்குமே முடியாது.

"அக்கா... அன்னிக்கு நான் வீலைக் கழட்டவே இல்லக்கா. மாமாகிட்ட பொய் சொன்னேன்."

என்ஜின் தணிந்தது. அவன் "விடு" என்று சொல்லவே இல்லை.

"யார்கிட்டடா பேசிட்டிருக்கே?"

குரல் பின்னாலிருந்து வந்தது. ஷெட் வாசலில் அக்கா. கையில் ஈரக் குடையும் மாத்திரைக் கவரும்.

"மெடிக்கல்ல ஒரே கூட்டம். போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?" என்றவள் வண்டியைப் பார்த்தாள். "ஆமா, சாவி என் பையில இருக்கே. எப்படி ஸ்டார்ட் பண்ணினே?"

அவன் போனட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னடா முழிக்கிறே? சரியாயிடுச்சா, இல்லையா?"

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தைதான். இன்னொரு தடவை சொல்ல வேண்டும், அவ்வளவே.

"ஒண்ணும் இல்லக்கா. பெல்ட் சத்தம்தான்."

என்ஜின் சீறியது.

அக்கா டிரைவர் கதவுப் பக்கம் போனாள். நின்றாள். குடை கீழே விழுந்தது. கத்தப் போகிறாள் என்று காத்திருந்தான். கத்தவில்லை. கண்ணாடி இறங்குகிற சத்தம். அவள் குனிந்தாள்.

"ம்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "ம்." மாமா ஆபீஸ் கதை அளக்கும்போதெல்லாம் கொட்டுவாளே, அதே "ம்".

ஓடிவிடலாம் என்று வாசலைப் பார்த்தான்.

என்ஜின் நின்றது. உம்ம்ம் நிற்கவில்லை.

அக்கா முன்பக்கம் வந்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"கழட்டவே இல்லையாடா?"

அவளைப் பார்க்காமல் தலையாட்டினான்.

"என்கிட்ட எதுக்கு? அவர்கிட்ட சொல்லு. முகத்தைப் பாத்துச் சொல்லு."

போனட்டைத் தாங்கியிருந்த கம்பியை விடுவித்தாள். போனட் இறங்கியது. மெதுவாக. கண்ணாடியின் மேல்விளிம்பு. தலைமுடி. நெற்றி, பாதி. ஸ்டியரிங்கில் இரண்டு கைகள். அடுத்து என்ன சொல்லப் போகிறான் என்று கழுத்தை எக்கி, துளிக்கூடக் கோபமில்லாமல், மிச்சமிருந்த ஒரு கண்ணால் மாமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.